விரதம் என்று சொல்லிவிட்டேன்

எங்கள் விடுதியில் சாப்பாடு வேண்டாம் என்று சொல்ல மரியாதையான வழி ஒன்றுதான் இருந்தது. விரதம் என்று சொல்ல வேண்டும். பசிக்கவில்லை என்று சொன்னால் மெஸ் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பார். "ஏன், வயித்துல புண்ணா? எவன்கிட்டயாவது சண்டையா?" என்று வரிசையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்பார். இரண்டு நாள் தொடர்ந்து சாப்பிடாதவளைப் பற்றி மூன்றாம் நாள் வேறு கதை கிளம்பும். விரதம் என்றால் கேள்வியே இல்லை. இரண்டு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் அக்காவே தனியாக எடுத்து வைப்பார். "எனக்கும் சேத்து வேண்டிக்கம்மா" என்பார்.

சிதம்பரத்தில் நான் உயிர்வேதியியல் முதுகலை சேர்ந்த ஆண்டு அது. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். கடலூரிலிருந்து மேற்கே போனால் செம்மண் தொடங்குகிற இடத்தில் எங்கள் ஊர். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் கம்பெனியில் வேலை செய்கிறார். அப்பா பெரும்பாலும் சென்னையில், கட்டட வேலையில். எங்கள் தெருவில் ரேஷன் கார்டு திருத்துவதும் பேங்க் பாரம் நிரப்புவதும் பத்து வயதிலிருந்து என் வேலை. அதில் எனக்குப் பெருமை உண்டு, இப்போதும் உண்டு. பெருமை இருந்தால் பயம் இருக்காது என்று நினைத்திருந்தேன்.

முதல் செமஸ்டரில், வகுப்பில் நான் பேச வேண்டிய செமினாருக்கு முந்தைய நாள்தான் அது தொடங்கியது. மதியச் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தேன். மென்றேன். விழுங்க முடியவில்லை. தொண்டையில் யாரோ உள்ளேயிருந்து கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டது போல இருந்தது. தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்த்தேன், கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம். குனிந்து, கைக்குட்டையில் துப்பி, மடித்து வைத்துக்கொண்டேன். செமினார் நன்றாகவே முடிந்தது. அன்று மாலை பசித்தது, சாப்பிட்டேன். அடுத்த தேர்வு வந்ததும் கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

என் அறையில் இன்னொருத்தி, திட்டக்குடிக்காரி. அவளுக்கும் என் அளவுக்குப் பயம் உண்டு, ஆனால் நேர் எதிராக. தேர்வு நெருங்க நெருங்க அவள் தின்றுகொண்டே இருப்பாள். தலையணைக்கு அடியில் மிக்சர், மேசை டிராயரில் ரஸ்க், பைக்குள் கடலை மிட்டாய். படிக்கும்போது அவள் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய் வரும்.

"பயம் வந்தா எனக்கு வயித்துல ஓட்ட விழுந்துடுது. ஒனக்கு வாய தைச்சுடுது" என்றாள் ஒருநாள்.

"எனக்குப் பயம் எல்லாம் இல்ல. விரதம்."

"எந்த சாமிடி, கரெக்டா இன்டர்னல் டைம்டேபிள் பாத்து வருது?"

நான் புத்தகத்தைத் திறந்துகொண்டேன். "செரி, நீ திங்காததையும் சேத்து நானே தின்னுடுறேன். ரூமோட மொத்த வெயிட்டு மாறாம இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் ரஸ்க்கை டீயில் நனைத்தாள்.

அம்மா தினமும் சாயங்காலம் ஆறரைக்குப் போன் செய்வார். படிப்பைப் பற்றி அவருக்கு எதுவும் கேட்கத் தெரியாது. அதனால் சாப்பாட்டைப் பற்றி எல்லாவற்றையும் கேட்பார். இன்னா சாப்ட்ட, கொழம்பு இன்னா, பொரியல் வெச்சாங்களா, எத்தினி தடவ வாங்கின. சாப்பிடாத நாளில் சாம்பார், அவரைக்காய் என்று புளுகிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை புளுகவும் தெம்பில்லை. மெஸ்ஸில் சொன்னதையே அவரிடமும் சொல்லிவிட்டேன்.

"விரதம்மா."

அம்மாவின் குரல் மாறிவிட்டது. "எதுக்கு கண்ணு?"

"பரீட்சைக்குத்தான்."

"வெள்ளிக்கெழம மட்டுமா?"

"ஆமா. நல்லா எழுதணும்னு."

"இரு, இரு, பக்கத்துல அத்த நிக்குது, சொல்லிடுறேன்" என்று போனைக் கையில் வைத்துக்கொண்டே கத்தினார். "எம்பொண்ணு படிப்புக்காக வெரதம் இருக்குதாம்!"

அதற்குப் பிறகு சாப்பாட்டுக் கேள்விகள் நின்றுவிட்டன. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை. இரண்டாம் செமஸ்டரில் வெள்ளியோடு செவ்வாயும் சேர்ந்தது. மார்ச் மாதம் திங்கள் சேர்ந்தது. தேர்வுக் கால அட்டவணை ஒட்டப்பட்ட பிறகு சனிக்கிழமையையும் சேர்த்தேன். ஒவ்வொரு முறையும் அம்மாவிடம் சொன்னேன். "செரி கண்ணு" என்று மட்டும் சொன்னார். ஏன் இத்தனை நாள் என்று கேட்கவில்லை. படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவர் எண்ணம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நான் விடுதிக்கு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான் அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, இரண்டும் வெள்ளை மாத்திரை. அதனால் நான் இரண்டு காகித உறை எடுத்து, ஒன்றில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் சூரியன் வரைந்தேன். இன்னொன்றில் நீலத்தில் நிலா. "சூரியன் வந்தா இது, நிலா வந்தா இது" என்றேன். அம்மா அந்த உறைகளைக் கம்பெனிக்கே கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினார். எனக்கும் என் யோசனையை நினைத்துப் பெருமைதான்.

ஏப்ரலில் செமஸ்டர் தேர்வு தொடங்கியது. அந்த வாரம் போனில் அம்மா சொன்னார், "ஒரே வேர்த்து வேர்த்து ஊத்துது கண்ணு. கை கூட நடுங்குது."

"வெயில் ஜாஸ்திம்மா. மோர் குடி" என்றேன்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் வகுப்புத் தேர்வில், இரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் உடலில் என்ன நடக்கும் என்று ஐந்து பக்கம் எழுதியிருந்தேன். வியர்வை, நடுக்கம், கண் இருளல், மயக்கம். வரிசை மாறாமல். ஆசிரியை என் விடைத்தாளை வகுப்பில் வாசித்துக் காட்டினார்.

மூன்றாவது தேர்வு வெள்ளிக்கிழமை. முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு நான் பாலைத் தவிர எதுவும் தொடவில்லை. ஒரு மணிக்கு எழுதி முடித்து வெளியே வந்து, பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் எண்ணிலிருந்து ஒன்பது அழைப்புகள். திருப்பி அழைத்தால், எடுத்தது அம்மாவோடு வேலை செய்கிற அத்தை.

"எங்கடி இருக்க? ஒங்கம்மா மிஷின் மேலயே சாஞ்சுட்டா. கடலூர் பெரியாஸ்பத்திரில வெச்சிருக்கோம். ஒடனே வா."

சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம். புதுச்சத்திரம் வருவதற்குள் என் தலைக்குள் எல்லா நோயும் வந்துபோயின. மாரடைப்பு. மூளையில் அடைப்பு. கத்தி பட்டு இரத்தம். விரதத்தைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அதை இப்போது நினைத்தாலும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

வார்டில் அம்மா கண் விழித்துத்தான் படுத்திருந்தார். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. முந்திரித்தோல் எண்ணெயில் கறுத்த விரல்கள் வெள்ளைப் போர்வைமேல் இருந்தன. என்னைப் பார்த்ததும் சிரித்தார். "பரீட்ச எழுதிட்டியா?"

நான் பேசுவதற்குள் மருத்துவர் வந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவராக இருப்பார்.

"நீங்கதான் பொண்ணா? சுகர் ரொம்ப இறங்கிடுச்சு. மாத்திரை போட்டுட்டு நாள் முழுக்க சாப்பிடாம இருந்திருக்காங்க. ஒருநாள் இல்ல, வாரத்துல நாலு நாள். இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தா என்ன வேணா ஆயிருக்கும். வீட்ல படிச்சவங்க யாரும் இல்லையா?"

நான் வாயைத் திறந்தேன்.

அத்தை முந்திக்கொண்டார். "அவ தப்பா ஒன்னும் போடல டாக்டரம்மா. பொண்ணு வரஞ்சு குடுத்தபடிதான் போட்டா. இதோ பாருங்க." அம்மாவின் சுருக்குப்பையிலிருந்து அந்த உறையை எடுத்து நீட்டினார். ஓரமெல்லாம் கசங்கி, எண்ணெய்க்கறை படிந்து, நடுவில் என் சிவப்புச் சூரியன். "சூரியன் வந்தா போடணும். போட்டுக்கிட்டா. சோறு திங்கணும்னு இதுல எங்க இருக்குது?"

எங்கேயும் இல்லை. மருத்துவச் சீட்டில் 'சாப்பாட்டுக்கு முன்' என்று இருந்ததை நான் படித்திருந்தேன். சாப்பாடு என்பது தானாக வரும் என்று விட்டுவிட்டேன். என் வீட்டில் ஒருத்தர் வேண்டுமென்றே சாப்பிடாமல் இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நானே சாப்பிடாமல் இருந்தேன், அப்போதும் தோன்றவில்லை.

"நாலு நாளா?" என்றேன் அம்மாவிடம். "நீ எதுக்கும்மா நாலு நாள்..."

"இன்னாடி தெரியாத மாதிரி கேக்குற?" என்றார் அத்தை. "ஒன்கூட சேந்துதான். நீ வெள்ளின்னா அவளும் வெள்ளி. நீ செவ்வான்னா அவளும் செவ்வா. நம்ம பக்கத்துல ஒருத்தர் நேந்துக்கிட்டா வீட்டுல இன்னொருத்தர் தோள் குடுக்க மாட்டாங்களா? நானே சொன்னேன், ஒனக்கு சுகரு இருக்குதேன்னு. கேட்டாத்தான?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அம்மா என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சொன்னா நீ வுட்டுடுவ. நீ அங்க பட்டினி கெடக்கச்சொல்ல நான் இங்க சோறு அள்ளித் திங்கணுமா? கண்ணு இருட்டிக்கிட்டு வரும். செரி, சாமிதான் வந்து நிக்குதுன்னு நெனச்சுக்குவேன்."

நான் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் முந்தைய நாளிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அத்தை என் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தார். "எலும்பும் தோலுமா வந்து நிக்குது பாரு. ஆத்தாளும் பொண்ணும் நல்லா சேந்தீங்க."

மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார்: பாட்டில் இறங்கி முடிவதற்குள் அம்மா வாய்வழியாகச் சாப்பிட ஆரம்பிக்க வேண்டும். மாத்திரையின் வேகம் இன்னும் உடம்பில் இருக்கிறது, மறுபடி இறங்கலாம். அத்தை கேன்டீனுக்குப் போய் நான்கு இட்லி வாங்கிவந்து, என் மடியில் வைத்துவிட்டு, கம்பெனியில் சொல்லிவிட்டு வருவதாகக் கிளம்பிப்போனார்.

நான் ஒரு இட்லியைப் பிட்டு அம்மாவின் வாய்க்கு அருகே கொண்டுபோனேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னிக்கு வெள்ளி."

"அம்மா, டாக்டர் சொன்னது கேட்டீல்ல?"

"கேட்டேன். அதான் ஊசில ஏத்துறாங்களே. ஒனக்கு இன்னும் ரெண்டு பரீட்ச இருக்குதுல்ல? பாதியில வுட்டா ஒனக்குத்தான் ஆவாது. வெளக்கேத்துற நேரத்துக்குத் திங்கிறேன்."

மணி மூன்றேகால். பாட்டிலில் கால்பங்குதான் மீதி இருந்தது. அதட்டினேன், கெஞ்சினேன். நான் படித்ததை எல்லாம் சொன்னேன். இன்சுலின், குளுக்கோஸ், மூளை. அவர் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். என் படிப்பு அவரைத் தொடவில்லை. என் விரதம்தான் தொட்டிருந்தது. அது இருக்கிறவரை அவர் வாயைத் திறக்கப்போவதில்லை என்று புரிந்தது.

"விரதம் எல்லாம் இல்லம்மா" என்றேன்.

"இன்னா?"

"நான் விரதமே இல்ல. பொய். எனக்குச் சோறு எறங்கல."

அவர் தலையைத் தூக்கப் பார்த்தார். "ஒடம்புக்கு இன்னா?"

"ஒடம்புக்கு ஒன்னும் இல்ல. பயம். பரீட்ச வந்தா தொண்ட அடச்சுக்குது. முழுங்க முடியல. கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியாம விரதம்னு சொல்லிட்டேன். மெஸ்ல சொன்னேன். ஒங்கிட்டயும் சொல்லிட்டேன்."

அம்மாவின் முகத்தில் நான் அதுவரை ஒருமுறை மட்டுமே பார்த்த ஒன்று வந்தது. கோபம் என்று சொல்ல முடியாது. கம்பெனியில் ஒருதரம் பக்கத்து மிஷினில் ஒரு பெண்ணின் விரல் நசுங்கியதை வந்து சொன்னாரே, அன்றைய முகம்.

"பயமா? ஒனக்கா? நீதான ஃபஸ்ட்டா வருவ?"

"அதனாலதான். வராம போயிட்டா?"

"வராம போனா இன்னா?"

ஒரு வருடமாக நான் சோறு தின்னாததற்குக் காரணம் அந்தக் கேள்விதான், அதை நான் ஒருமுறைகூட முழுதாகக் கேட்டுக்கொண்டதில்லை. வராமல் போனால் தெருவில் என்ன சொல்வார்கள், அம்மா யாரிடம் என்னைப் பற்றிக் கத்திச் சொல்வார். இவ்வளவுதான். இதற்குத்தான்.

அம்மா மெதுவாகச் சொன்னார், "ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கேன்டி."

"தெரியும்மா."

"பாரம் எழுதுற, பேங்குல பேசுற, இங்கிலீஷு படிக்கிற. சோறு எறங்கலம்மான்னு ரெண்டு வார்த்த சொல்ல வரல ஒனக்கு."

அழுதேன். சத்தமில்லாமல் அழப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். அம்மா ஊசி குத்தாத கையை நீட்டி, என் மடியிலிருந்து இட்லியில் ஒரு துண்டு பிட்டார். தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. என் பக்கம் நீட்டினார்.

"நீ மொதல்ல."

"எனக்கு இப்ப வேணாம்மா. நீதான்..."

"நீ ஒரு வாய் தின்னா நான் ஒரு வாய். இல்லன்னா கெடக்கட்டும்."

வாங்கி வாயில் போட்டேன். மென்றேன். இட்லி கரைந்து மாவாகியும் தொண்டை திறக்கவில்லை. அம்மா என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. விழுங்கு, விழுங்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், சொல்லச் சொல்ல இறுகியது. கடைசியில் அம்மா, "அவசரம் இல்ல. மாட்டுறதுக்கு இன்னொரு பாட்டிலு இல்லாமயா போச்சு" என்றார். அவர் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்தபோது எப்படியோ இறங்கிவிட்டது.

அம்மா உடனே ஒரு துண்டு தின்றார். அப்படி ஒன்றுக்கு ஒன்றாக, நான்கு இட்லி முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. திரும்பி வந்த அத்தை, "நாலு இட்டிலிக்கு இவ்ளோ நேரமாடி? நான் போயி நூறு கொட்ட ஒடச்சுட்டு வந்திருப்பேன்" என்றார்.

மறுநாள் மாலை வீட்டுக்கு அனுப்பினார்கள். புதிதாகக் கொடுத்த மாத்திரைகளுக்கு நான் புதிய உறை செய்தேன். சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு வரைந்தேன், தட்டில் மூன்று இட்லி. நிலாவுக்குப் பக்கத்திலும் ஒரு தட்டு. தட்டு இல்லாத நாளில் சூரியனும் இல்லை என்று மூன்று தடவை சொல்லி, திரும்பச் சொல்லச் சொன்னேன். அம்மா ஒப்பித்துவிட்டு, "விடுதியில ஒன் கட்டிலுக்கு மேல ஒன்னு வரஞ்சு ஒட்டிக்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் திரும்பினேன். திங்கட்கிழமை காலை மெஸ்ஸுக்குப் போனபோது, அக்கா வழக்கம்போல என் வாழைப்பழத்தையும் பாலையும் ஒதுக்கி வைத்திருந்தார்.

"இன்னிக்கு விரதம் இல்லக்கா" என்றேன். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். காது சூடானது. "விரதம் எப்பவுமே இல்ல. பரீட்சன்னா எனக்குப் பயத்துல எறங்காது. கொஞ்சமா வைங்க, மெதுவா சாப்புடுறேன்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "பயமா? அட, மொதல்லயே சொல்லியிருந்தா பொங்கல கொழைய கரைச்சு குடுத்திருப்பேனே. இத்தினி நாளா ஒன்கிட்டப் போயி என் புள்ளைக்கு வேலை கெடைக்கணும்னு வேண்டிக்கச் சொல்லியிருக்கேன் பாரு." வரிசையில் யாரோ சிரித்தார்கள். பின்னால் நின்ற ஒருத்தி, இளங்கலை முதலாண்டுப் பெண், சிரிக்கவில்லை. அவள் கையில் இரண்டு வாழைப்பழம் இருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டக்குடிக்காரி நகர்ந்து எங்கள் பெஞ்சில் அவளுக்கும் இடம் விட்டாள்.

நான் உட்கார்ந்ததும் போன் அடித்தது. அம்மா காலையில் போன் செய்வதே இல்லை.

"சாப்ட்டியா?"

"இன்னும் இல்லம்மா. தட்டு முன்னாடி இருக்குது."

"எறங்குமா?"

"தெரியல."

"செரி. மாத்திர போட்டு அரமணி ஆச்சு. எனக்கும் தட்டு முன்னாடிதான் இருக்குது. நீ ஒரு வாய் வை."

வைத்தேன். மென்றேன். போனில் அம்மா காத்திருக்கிற மூச்சு கேட்டது. தேர்வுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. என் தொண்டை பழையபடியே சாத்திக்கொண்டிருந்தது, அங்கே ஒரு தட்டு ஆறிக்கொண்டிருந்தது.

"முழுங்கிட்டியா?"

"இரும்மா" என்றேன், வாயில் பொங்கலோடு. "இன்னும் இல்ல."

"இருக்கேன்" என்றார் அம்மா.